கட்டைப்பையில் ஒளித்த லேப்டாப்

ஞாயிறு இரவு, நீடாமங்கலம்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து அண்ணனிடம் காட்டாதீர்கள்.

குத்தாலம் கல்யாணத்திலிருந்து அண்ணன் பைக்கில் வந்தான். பைக்கில் குலுங்கும் என்று ஆபீஸ் லேப்டாப்பை என்னிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினான். லேப்டாப் பை என்றால் திருடன் கண்ணில் படும் என்று நான்தான் அதை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில், பாவாடைக்கு அடியில் வைத்தேன். "உனக்கு மூளைடி பாப்பா" என்று சிரித்தான்.

பஸ்ஸில் கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேர் கையில் அதே கடைப் பை. பக்கத்து சீட்டு அம்மா, "கீழ வையிம்மா, மடி நோவப்போவுது" என்றார். வைத்தேன். அவர் வலங்கைமானில் இறங்கிவிட்டார்.

வீட்டில் திறந்தால் இரண்டு தேங்காய், ஒரு புடவை, ஒரு குழந்தைக் கவுன். அவர் மாற்றி எடுத்தாரா, இல்லை நான்தான் வேறு யார் பையையோ எடுத்து வந்தேனா? வேண்டுமென்றே எடுத்தவர் குழந்தையின் கவுனை விட்டுவிட்டுப் போவாரா? ஒன்றும் புரியவில்லை.

லேப்டாப் தொலைந்தால் வேலையே போய்விடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். காலையில் அவன் சென்னைக்குப் போக வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டேன். இப்போதே சொன்னால் வலங்கைமானில் போய்த் தேடலாம். ஆனால் வாய் வரவில்லை.

கதவைத் தட்டுகிறான்.

"பாப்பா, முழிச்சிருக்கியா? பீரோ சாவியக் குடு, ஒரு மெயில் அனுப்பணும்."

நான்