துவட்டிய எலுமிச்சை

அன்புள்ள உனக்கு,

உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நம் மரத்தில் எலுமிச்சை பழுத்து உதிர்கிறது. வீணாகக் கூடாதே என்று ஒரு கூடை பறித்து, இரண்டு முறை கழுவி, வெந்நீரில் அலசிய ஜாடியில் உப்போடு ஊறப் போட்டேன். பூஞ்சை பிடித்துவிட்டது. ஈரம் போகத் துடைக்காமல் போட்டிருக்கிறேன். நீ ஒவ்வொன்றாகத் துடைப்பதை இத்தனை வருடம் பார்த்திருந்தும்.

அதனால் இன்று புதிதாகப் பறித்து, சமையலறை மேசையில் வைத்து, உன் பழைய துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பழைய மேனேஜர் வந்தார். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிட வந்திருந்தாரே, அவர்தான்.

"என்ன சார், நீங்களும் எலுமிச்சைக்குத் தலை துவட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று சிரித்தார். "பாவம், பிள்ளை இல்லாத வீடு, எதையாவது கொஞ்சணும்ல!"

அன்றைய பேச்சை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார். எனக்குக் கை நின்றுவிட்டது. ஆனாலும் சிரித்தேன். அவர் முன்னால் எனக்கு எப்போதும் சிரிப்புத்தான் வருகிறது. அன்றும் அவரைச் சிரிக்க வைக்கத்தான்... வேண்டாம், அது ஒரு காரணமில்லை.

அவர் கிளம்பிய பிறகு மனசு கேட்காமல் வாசல்வரை ஓடினேன்.

"சார், அந்தப் பேச்சை இனிமே எங்கேயும் சொல்லாதீங்க."

அவர் விழித்தார். "அட, நீங்க சொன்னதுதானே சார்!"

ஆமாம். நான் சொன்னதுதான்.

துடைத்த பழங்கள் மேசைமேல் இருக்கின்றன. இன்னும் உப்புப் போடவில்லை.

உன் வீட்டுக்காரன்