உன் அம்மா வாங்கி வைத்திருக்கும் மிளகாய்

கட்டுகஸ்தோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுதேஷுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி இந்த வரியில் கேட்காதே, அது கீழே வருகிறது. நீ அந்த டோஹா வெயிலில் தண்ணீர் நிறையக் குடித்து நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும் என்று உன் அம்மா விடியும்போதே விளக்கேற்றிக் கேட்கிறாள், நான் பக்கத்தில் பல் தீட்டிக்கொண்டே ஆமாம் போடுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனுசன் எதற்குத் தாளை வீணாக்குகிறான் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியும், அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், நான் உன்னிடம் இருமினால்கூட அது குடும்ப இருமல். எழுதி அனுப்பலாம் என்றால் என் போனில் பாதி நேரம் தங்கச்சிதான் படம் பார்க்கிறாள். அதனால்தான் பக்கத்து வீட்டு மஹ்ரூப் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை டோஹாவுக்குத் திரும்பிப் போகிறான் என்றதும் அவனிடம் ஒரு கடிதம் தருவேன் என்று சொல்லிவைத்தேன். "என்ன அங்கிள், இந்தக் காலத்துல கடதாசியா, ஆன்டிக்குத் தெரியாம ஏதும் விளையாட்டா" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், சிரிப்பது ஒன்றுதான் நான் பிழையில்லாமல் படித்த பாடம்.

தலதா மாளிகைப் பெரஹெரா ஊர்வலமெல்லாம் முடிந்து டவுனுக்குள் பஸ் பழையபடி ஓடுகிறது. அந்தப் பத்து நாளும் பாதையை மாற்றி மாற்றி விட்டதில் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் என்று உட்கார்ந்திருந்த எனக்கே எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, ஒரு அம்மா என்னிடம் அக்குறணை பஸ் கேட்டார், நான் கையைக் காட்டியது பேராதனை பஸ்ஸுக்கு. திரும்பி வந்து பேசினார் பார், அதை எழுதினால் மஹ்ரூப்பின் பெட்டி தீப்பிடிக்கும். நம் கோயிலில் ஆடிப் பால்குடமும் முடிந்தது. மழை இல்லை, நல்ல கூட்டம். தங்கச்சி குடம் எடுக்கவில்லை. எடுப்பதற்கு மஞ்சள் சேலைகூட வாங்கி வைத்திருந்தாள், அன்றைக்கு அறையைவிட்டே வெளியே வரவில்லை. வேலை செய்கிற பார்மசிக்கும் இப்போது எல்லோருக்கும் முந்திய பஸ்ஸில் போய்விடுகிறாள், அந்த பஸ்ஸில் நம் ஆட்கள் குறைவு என்பதால்.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். கோயிலுக்கென்று ராஜலிங்கம் பேஸ்புக்கில் நடத்துகிற குரூப்பில், பெயர் காட்டாத உறுப்பினர் என்று ஒருவர், முதல் குடம் யாருக்கு, தெல்தெனியவில் புருஷனை விட்டுவிட்டு ஓடி வந்தவளுக்கா என்று போட்டிருந்தார். அதன் கீழே ஊரே பல்லைக் காட்டிச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தது. இரண்டாவது என்னைப் பற்றி. பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிறவருக்குத் தன் மகளை ஒரு வீட்டில் இருக்கவைக்கத் தெரியவில்லை, ஆனால் கோயில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், அம்மனே காதைப் பொத்துகிறாள் என்று. உண்மையைச் சொன்னால் அந்த அம்மன் காதைப் பொத்துகிற இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். என் பாட்டு அப்படித்தான். ஆனால் உன் தங்கச்சி தர்ஷிகா சிரிக்கவில்லை. சோற்றுப் பீங்கானை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அவள் இப்போது கடைக்காரரையும் சந்தேகப்படுகிறாள், கூடப் படித்த பிள்ளைகளையும் சந்தேகப்படுகிறாள், யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் அதை எழுதியவர் இவர்தானோ என்று அங்கேயே நின்று யோசிக்கிறாள். நம்புகிற ஒரே ஆள் நீதான். யார் என்று தெரிந்தால் நான் சும்மா விடமாட்டேன் தங்கச்சி என்று நீ அனுப்பியதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "பாருங்கப்பா, அண்ணே இருக்கிற தைரியத்துலதான் நான் நடமாடுறேன்" என்றாள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ராஜலிங்கம் என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப் போனான். பூசாரிக்குக் கேட்காத தூரம் வந்ததும், "அண்ணே, ஒங்களையும் குரூப்புக்கு அட்மின் ஆக்கிட்டேன், நீங்களே உள்ளுக்குப் போய்ப் பாருங்க, எனக்குச் சொல்ல வாய் வரல்ல" என்றான். எனக்கென்ன தெரியும் அட்மின் என்றால், சபையில் ஏதோ பதவி கிடைத்துவிட்டது என்று நினைத்து நன்றி சொன்னேன், மாலை போடுவார்களா என்றுகூடக் கேட்டேன். பெயர் காட்டாதவரின் பெயர் ஊருக்குத்தான் மறைப்பு, அட்மினுக்குத் தெரியும் என்று அவன் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் விளங்கியது. முதல் இரண்டையும் அவன் பெயரைப் பார்க்காமலே விட்டுவிட்டானாம், அதே ஆளிடமிருந்து மூன்றாவதாக ஒன்று வந்து, அனுமதிக்கிறாயா மறுக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் சின்னதாக ஒரு படம். நான் முதலில் அடையாளம் கண்டது ஒட்டகத்தைத்தான். பிறகு பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற உன்னை.

இதை நான் பிழையாகப் பார்த்திருக்கலாமோ என்று ராஜலிங்கத்திடமே மூன்று தடவை கேட்டேன், யாராவது உன் போனைத் திருடி எழுதியிருப்பான் என்றேன், அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் வாயால் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறான். அந்த மூன்றாவதை நான் அனுமதிக்கவும் இல்லை மறுக்கவும் இல்லை, அது அப்படியே நிற்கிறது, என்னைப் போல.

நீ ஏன் எழுதினாய் என்று நான் கண்டுபிடிக்கப் பார்த்தேன். படித்தவர்கள் இதற்குப் பெரிய காரணம் சொல்வார்கள், எனக்குத் தெரிந்தது பஸ் மட்டும்தான். கண்டி புசல்லாவை ரோட்டில் நான் கொண்டக்டராகத் தொங்கிய காலத்தில் மாலை பஸ்ஸில் மூச்சுவிட இடமிருக்காது. டிக்கெட் டிக்கெட் என்று நான் கத்தும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும், என் அம்மாவையும் சேர்த்து இழுத்துப் பேசும், நாலு பேர் சிரிப்பார்கள், சிரிப்புக் கேட்டதும் அந்தக் குரல் இன்னொன்று எடுத்துவிடும். கம்பளையில் பாதிச் சனம் இறங்கியதும் பஸ் கோயில் மாதிரி அமைதியாகிவிடும். ஒரு நாள் அந்தக் குரலை யாரென்று கண்டேன், எனக்குச் சித்தப்பா முறை, தினமும் அவருக்கு சீட் பிடித்துக் கொடுக்கிறவனே நான்தான். இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டி, "வாரேன்டா மகன், சாப்பிட்டு படு" என்று சொல்லிவிட்டுப் போனார், அந்தப் பாசமும் பொய் இல்லை. பகலெல்லாம் மலையில் கங்காணியிடம் வாங்கிய பேச்சை எங்காவது இறக்கிவைக்க வேண்டும், முகம் தெரியாத நெரிசல் கிடைத்தது, பக்கத்தில் நான் கிடைத்தேன். அந்நியன் திட்டினால் அது என் சட்டையில் படும், அவ்வளவுதான். சொந்தக்காரனுக்குத்தான் எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்று தெரியும், அவன் இருட்டில் கை நீட்டினாலும் அது சரியாக அங்கே வந்து விழுகிறது.

தங்கச்சிக்கு நீ பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை ஜெயராஜ், உன் கூட்டாளி. அவன் போனில் அழுதிருப்பான், உன் அறையில் எட்டுப் பேர் அதைக் கேட்டிருப்பார்கள், உன் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பில்லை என்று உனக்கு எரிந்திருக்கும். எங்களிடம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அந்தக் குரூப்பில் போய் எழுதியிருக்கிறாய். அவள் ஏன் வந்தாள் என்று நீ அவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், மகன். வந்த அன்று அவள் கழுத்தை மறைத்துத் துவாயைச் சுற்றியிருந்தாள், நல்ல வெயில் நாளில். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை.

இப்போது நான் ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். அம்மா மிளகாய் அரைக்கப் போகிறாள் என்பது உனக்குத் தெரியும், அவளே போனில் சொன்னாள், நீ அதையும் கிண்டல் பண்ணி, மிளகாய் விற்கிற விலையில் சாபம் போடவும் பணக்காரனாக இருக்கவேண்டும் என்று அந்த மூன்றாவதில் எழுதியிருக்கிறாய். அதை எழுதும்போது நீ சிரித்திருக்கமாட்டாய், பயந்த பிள்ளைதான் அப்படி எழுதும், உன்னை எனக்குத் தெரியும். புசல்லாவையில் அவள் பிறந்த தோட்டத்து முனியாண்டி கோயில் கல்லில், செய்தவன் யாரென்று தெரியாத குற்றத்துக்கு மிளகாய் அரைத்துப் பூசினால் அது ஆளைத் தேடிப் போய்ப் பிடிக்கும் என்பது அவர்கள் வழக்கம். செய்தவனே அதற்கு முன்னர் வந்து ஒத்துக்கொண்டால் கல்லில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் அவளை இரண்டு வெள்ளிக்கிழமை மறித்துவிட்டேன். ஒன்று பெரஹெராவால் பஸ் இல்லை என்று, டைம் கீப்பரே சொன்னதால் நம்பினாள். மற்றது வயிற்றுவலி என்று உருண்டேன், அவள் கொடுத்த கசாயத்தில் உண்மையாகவே வலி வந்துவிட்டது. வருகிற வெள்ளி ஆடிக் கடைசி வெள்ளி. இனி என்னிடம் பொய் மிச்சமில்லை. மிளகாய் சுளகில் காய்கிறது, நான் தும்மிக்கொண்டே அதைக் கடந்து போகிறேன்.

முனியாண்டி பிடிப்பாரா என்பதில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் காலையில் எம் புள்ளைய நல்லா வச்சிரு என்று கும்பிடுகிற அதே வாய், பொழுது சாய்ந்ததும் எழுதுன கை வெளங்காமப் போகணும் என்று சொல்லிப் பழகுகிறது. இரண்டையும் ஒரே ஆளுக்குத்தான் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டு நான் நடுவில் தேநீர் குடிக்கிறேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததும் சீனி பத்தவில்லை என்று சொல்லிவிட்டேன். எழுதியவன் நான்தான் என்று பழியை எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். ஊரையே கிண்டல் பண்ணித் திரிகிற ஆள், கிண்டல் அளவு மீறிவிட்டது என்றால் அம்மா நம்பிவிடுவாள், இந்தக் கைக்கு இனி என்ன, டிக்கெட் கிழிக்கிற வேலைகூட இல்லை. ஆனால் தர்ஷிகாவும் நம்பிவிடுவாளே. அவள் திரும்பி வந்து நிற்பதற்கு இந்த வீட்டைத் தவிர வேறு வாசல் இல்லை, உன்னைக் காப்பாற்ற அதையும் நான் அடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பிள்ளை ஒன்றின்மேல் கால் வைக்காமல் என்னால் நகர முடியவில்லை.

ஆகவே நீதான் பேசவேண்டும், வேறு ஆள் இல்லை. மஹ்ரூப் புதன்கிழமை இதை உன்னிடம் தருவான், வியாழன் உனக்கு இருக்கிறது. முதலில் போனைத் தங்கச்சியிடம் கொடுக்கச் சொல்லி அவளிடம் சொல், அவள் திட்டினால் போனை வெட்டிவிடாமல் கடைசிவரை கேட்டுக்கொள். பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல். அம்மா அழுவாள், என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியாது, உன்னோடு பேசாமலும் இருக்கலாம், அதைத் தாங்கிக்கொள். நான் இடையில் வந்து ஒரு பகிடியும் விடமாட்டேன், சத்தியம். நீ பேசாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் அவளோடு நானும் பஸ் ஏறுவேன், அவளைத் தனியாக அனுப்ப முடியாது, கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவள் அரைப்பதைப் பார்ப்பேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எல்லா நோய் நொடியும் கண் திருஷ்டியும் உன்னைவிட்டு விலகி, நீ நீண்ட ஆயுளோடு நல்லபடியாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும். நீ கேட்ட மாசிக் கருவாட்டுத் தூளும் அம்மா வறுத்த கடலையும் மஹ்ரூப்பிடம் இருக்கிறது, கடலையை அறையில் எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு. வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ஐந்து மணியிலிருந்து வீட்டில்தான் இருப்போம், போன் சார்ஜில் இருக்கும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் பாசமும் தீராத அப்பா,
க. தனபாலன்