ஊசியில் மிச்சமிருக்கும் இடம்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சௌக்கியமான்னு கேக்க எனக்கே கூச்சமா இருக்கு. எங்க பொண்ணு போனதுலேர்ந்து நாலு மாசமா நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடறீங்களாமே, உங்க அத்தை கேள்விப்பட்டு அழுதா. உட்கார்ந்து சாப்பிடுங்க.

அவ மியூசியத்துலேர்ந்து ஆராய்ச்சிக்கு எடுத்துட்டு வந்த பொன்வண்டுப் பெட்டி உங்ககிட்டதான் இருக்கு. பதினொண்ணு இருக்கும். பன்னெண்டாவதை என்னைப் பார்க்கச் சொல்லி அவ அனுப்பினா. நான் அங்க வண்டுப் பிரிவுல இருந்தப்ப பன்னெண்டையும் ஒரே துணைக்குடும்பத்துல சேர்த்தவன் நான். அவ, பன்னெண்டும் வேற துணைக்குடும்பம்னா. நாங்க கடைசியா பேசினது அந்தச் சண்டைதான்.

பெட்டியை எனக்கு அனுப்பிடுங்க. பழையபடி ஆக்கி ஒப்படைச்சுடறேன். என்கிட்ட இருக்கற வண்டுலேர்ந்து, அவ பேர் எழுதிக் குத்தின சீட்டை எடுத்தாச்சு.

உங்க நலம் விரும்பும்
மாமா


பிப்ரவரி 16

மாமாவுக்கு,

பெட்டி ஃப்ரீசர்ல இருக்கு. பூச்சி அரிக்கக் கூடாதுன்னு அவதான் வெச்சா. எனக்கு ஐஸ் வைக்க இடமில்ல. பரவாயில்ல.

பெட்டியை அனுப்ப மாட்டேன்.

கல்யாணமான புதுசுல அவ ஒரு ஊசியைக் காட்டிச் சொன்னா. மேல வண்டு. அதுக்குக் கீழ, பிடிச்ச இடமும் தேதியும் எழுதின சீட்டு. அதுக்கும் கீழ, இது இன்னதுன்னு பார்த்துச் சொன்னவங்க பேரோட ஒரு சீட்டு. பின்னால வர்றவங்க ஒத்துக்கலைன்னா இன்னும் கீழ தன் சீட்டைக் குத்தலாம். முன்னால இருக்கறதைத் தொடக் கூடாது, தப்பாவே இருந்தாலும். "எங்கப்பா சொல்லிக்கொடுத்தது. ஒருத்தர் சீட்டை உருவிட்டார்னு ஒரு வாரம் அவரை வண்டு பக்கமே விடல"ன்னு சொல்லிச் சிரிச்சா.

பதினொரு ஊசியையும் பார்த்துட்டேன். உங்க சீட்டு ஒண்ணுகூட அசையல. அதுக்கு அடியிலதான் அவளோடது.

நீங்க உருவினதை எனக்கு அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க பொண்ணோட வீட்டுக்காரன்


பிப்ரவரி 24

மாப்பிள்ளை,

கையெழுத்து போட்ட விதத்துலயே கோபம் தெரியுது. இருக்கட்டும்.

நீங்க மைக்ரோஸ்கோப் ரிப்பேர் பண்றவர். அதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. வண்டு வேற விஷயம். உணர்கொம்புல நுண்துளை எப்படி இருக்குன்னு பார்த்து அவ முடிவு பண்ணினா. அதுல பாதி தூசி. நான் உருவத்தையும் நிறத்தையும் வெச்சு சொன்னேன், முப்பது வருஷம் யாரும் மறுக்கல.

செத்துப்போன பொண்ணு பேர்ல ஒரு தப்பு அந்த அலமாரியில காலம் முழுக்க நிக்கணுமா? நாளைக்கு எவனாவது பார்த்துச் சிரிப்பான். அவ பேரைக் காப்பாத்தத்தான் கேக்கறேன்.

மாமா


மார்ச் 19

மாமாவுக்கு,

பதில் எழுத நாளாச்சு. மூணு ஞாயித்துக்கிழமை அவ மேஜையில உட்கார்ந்திருந்தேன்.

ஆமா, நான் லென்ஸ் துடைக்கறவன்தான். தூசி எது, துளை எதுன்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? லென்ஸைத் திருப்பினா அதுல ஒட்டின தூசி கூடவே சுத்தும். வண்டு மேல விழுந்த தூசியை ஒரு முடியால தள்ளினா நகரும். ரெண்டும் செஞ்சு பார்த்தேன். சுத்தல, நகரல. உங்க துணைக்குடும்பம்னா துளைங்க கொம்போட கணு முழுக்கச் சிதறிக் கிடக்கணும்னு அவ நோட்டுல இருக்கு. இதுல எல்லாம் ஒரு குழிக்குள்ள கூடிக்கிடக்கு. பத்து வண்டுல அப்படித்தான். பதினொண்ணாவதுக்குக் கொம்பு உடைஞ்சிருக்கு, அதுக்கு அவளே கேள்விக்குறி போட்டிருக்கா.

நிறம்னீங்க. அந்தப் பச்சையில சாயமே கிடையாது மாமா. ஓட்டு மேல மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கு, வெளிச்சம் பட்டுத் திரும்பறதுதான் பச்சையாத் தெரியுது. அடுக்கோட தடிமன் கொஞ்சம் மாறினா செம்பு நிறமாயிடும். நான் தினம் கையாளற லென்ஸ் பூச்சும் இதே கணக்குதான். என்கிட்ட போய் நிறத்தைச் சொல்றீங்க.

அவ பேரைக் காப்பாத்தறேன்னு அவ பேர் எழுதின சீட்டையே உருவியிருக்கீங்க. அவளோட நீங்க சண்டை போடலாம். அது அவளுக்குப் பிடிக்கும். ஆஸ்பத்திரியிலகூட "அப்பா என்ன பதில் எழுதினார்"னு கேட்டா. நீங்க எழுதவே இல்ல.

சீட்டு எங்க?

இப்படிக்கு,
அதே வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

வண்டையும் சீட்டையும் இதோட வெச்சிருக்கேன். பஞ்சைப் பார்த்துப் பிரிங்க, கால் உடைஞ்சுடும்.

சீட்டைத் தூக்கிப் போடல. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுலதான் இருந்துச்சு. தினம் கண்ணாடியை எடுக்கறப்ப கண்ணுல படும்.

அவ கேட்டான்னு எனக்கு யாரும் சொல்லல.

நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா யார்கிட்டன்னு போய் வாதாடுவேன்?

மாமா


ஏப்ரல் 11

மாமாவுக்கு,

சீட்டு வந்துச்சு. விரல்நகம் அளவுகூட இல்ல. அவ எழுத்துதான், கடைசி எழுத்து மட்டும் இடம் பத்தாம மேல ஏறியிருக்கு. நானே வெச்சுக்கலாம்னு ரெண்டு நாள் சட்டைப்பையில வெச்சிருந்தேன். அப்புறம் அதே ஊசியில, அதே ஓட்டையில குத்திட்டேன்.

பெட்டியை மியூசியத்துல நானே கொண்டுபோய்க் கொடுத்தாச்சு. பதினொண்ணும் அவ சொன்ன இடத்துல இருக்கு. பழையபடி ஆக்கணும்னு யார் வந்து கேட்டாலும் எனக்குத் தகவல் சொல்லுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். ஃப்ரீசர் காலி. இன்னும் நின்னுக்கிட்டுதான் சாப்பிடறேன், அத்தைகிட்ட சொல்லிடுங்க.

பன்னெண்டாவதை உங்களுக்கே திருப்பி அனுப்பறேன். நீங்க ஒத்துக்க வேண்டாம். அவ சீட்டுக்கு அடியில ஊசியில இன்னும் எட்டு மில்லிமீட்டர் இருக்கு, அளந்துட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அங்க எழுதுங்க. தேதி போட்டு, உங்க பேர் போட்டு.

அவளுக்குக் கீழ.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை