பருத்திக் குடோனில் அறுபது மீட்டர்

மாப்ள,

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இன்று காலை செந்துறையிலிருந்து அரியலூர் வருகிற பஸ்ஸில், தொப்பை மேல் செல்போனை நிறுத்தி வைத்துக்கொண்டு அழுதேன். கௌரவமான அழுகைகூட இல்லை, மூக்கொழுகிய அழுகை. உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியில் ஆண்கள் அறுபது மீட்டர் இறுதி ஓட்டம். முந்தின நாள் நடந்ததைப் பதிவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரை விநாடி. ஒரு கொட்டாவி விட்டால் முடிந்துபோகும். பக்கத்து சீட்டு அம்மா, "ஏந்தம்பி, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். சிமென்ட் லாரித் தூசி என்றேன். நம் ஊரில் அழுகிறவனுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

ஓட்டம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அது முடிந்த பிறகு, நிற்க முடியாமல் எட்டுப் பேரும் எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்த மெத்தையில் போய் மோதுவார்களே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவர்களுக்கு நீல மெத்தை. நமக்குப் பருத்தி மூட்டை.

பள்ளிக்கூடத்தில் உன்னைப் போல ஓட்டத்தைத் தொடங்கியவன் எவனும் இல்லை. விசில் ஊதிய வாய் மூடுவதற்குள் நீ முன்னால் போயிருப்பாய். அறுபது மீட்டர் வரை எனக்குத் தெரிவது உன் முதுகுதான். உன் பனியனில் எங்கெங்கே ஓட்டை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அதற்குமேல் உனக்குக் காற்று இறங்கிவிடும். மாவட்டப் போட்டி நூறு மீட்டரில் கடைசி நாலு எட்டில்தான் உன்னைத் தாண்டினேன். அந்தச் சான்றிதழ் எனக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது, அப்புறம் அரியலூரில் ஆபீஸ் நாற்காலியும் தந்தது. நீ பெரம்பலூரில் உங்கப்பாவின் பருத்தி வியாபாரத்துக்குப் போனாய். அதைப்பற்றி நீ ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான்தான் காதுகுத்து, கல்யாணம் என்று போன இடமெல்லாம் அந்த நாலு எட்டை நாற்பது எட்டாக்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாற்பது வயதுக்குமேல் ஒருநாள் டிவியில் இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாய். "மாப்ள, அறுபதோட நிறுத்திடுறானுவடா. இப்படி ஒண்ணு இருக்குன்னு நமக்கு எவனும் சொல்லலையே." திருட்டுப்போன பொருளை அடுத்தவன் வீட்டில் பார்த்தவனுடைய குரல் அது. நான் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மூட்டு வலி என்று சொல்லித் தப்பித்துவந்தேன். அறுபதில் உன்னோடு நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலா?

வயிற்றில் கட்டி என்று தெரிந்து, திருச்சியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு என் ஆபீசுக்கே வந்தாய். சட்டை தொளதொளவென்று இருந்தது. "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓடிப் பாத்துருவோம்டா. நெசமா ஓடணும். விட்டுக் குடுத்தீன்னா அப்பறம் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாய். டாக்டரைக் கேட்டாயா என்றதற்கு, அவரும் ஓடணுமாமா என்று திருப்பிக் கேட்டாய்.

உன் குடோன் நாற்பத்தைந்து மீட்டர்தான் இருந்தது. மிச்சப் பதினைந்தை வாசலுக்கு வெளியே, லாரி நிற்கும் சிமென்ட் தளத்தில் அளந்து கோடு போட்டாய். உலகத்திலேயே வெயிலில் தொடங்குகிற ஒரே உள்ளரங்கப் போட்டி நம்முடையதாகத்தான் இருக்கும். எதிர்ச் சுவரில் பருத்தி மூட்டைகளை இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்க வைத்தாய். கோட்டுக்குப் பக்கத்தில் உன் மனைவி இரண்டு பலகைகளோடு நின்றது, தட்டி ஓட்டத்தைத் தொடங்கி வைக்க. முடிகிற இடத்தில் உன் மகள். நான் ஆபீஸ் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டேன். "அண்ணே, பேன்ட் அவுந்தா போட்டி செல்லாது" என்றது உன் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டிவிட்டது. உன் காலடிச் சத்தம் மட்டும் முன்னால் கேட்டது. கடைசியில், பாவம், இருக்கட்டும் என்று காலைத் தளர்த்தினேன். நீ போய் மூட்டையில் மோதினாய், பின்னாலேயே நான். மேலே இருந்த மூட்டை ஒன்று வாய் பிரிந்து நம் இரண்டு பேர் தலையிலும் பஞ்சைக் கொட்டியது. உன் மகள், "அப்பாதான்" என்றாள். நீ மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாய்.

"விட்டுக் குடுத்தியாடா?"

"இல்லடா."

பஞ்சுத் தலையோடு சின்னப் பிள்ளைபோல் சிரித்தாய். அப்படியே நான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

என் வாய் உனக்குத் தெரியும். நீ திருச்சியில் படுத்திருந்த மறுவாரமே, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் உன் உடம்பைப் பற்றி விசாரித்தார்கள். நான் குடோன் கதையை எடுத்துவிட்டேன். கை, கால், பஞ்சு எல்லாம் வைத்து நடித்துக் காட்டினேன். சிரிப்பு நன்றாக விழுந்தது. கடைசியில் பெரிய மனுஷன் தோரணையில் குரலைத் தாழ்த்தி, நான்தான் விட்டுக் குடுத்தேன், பாவம், ஆசைப்பட்டான் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தலையாட்டல் எனக்கு இனித்தது.

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் திருச்சிக்கு பஸ் ஏறியிருந்தது. உன்னைப் பார்க்க நான் வந்தபோது, யாரோ பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நீ கோபப்படவில்லை. டீக்கடையில் என்னவோ சொன்னாயாமே என்று மட்டும் கேட்டாய். நான் இல்லை என்றேன், அப்படிச் சொல்வேனா என்றேன், சொன்னவன் எவன் என்றுகூட எகிறினேன். நீ என் கையை எடுத்து உன் கைமேல் வைத்துக்கொண்டாய்.

"சரி விடு மாப்ள. நூறுலயும் நீ, அறுபதுலயும் நீ."

அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தாய். நான் தினமும் வந்தேன். என் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றவன், தினமும் முழித்தாய். ஓட்டத்தைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் யாராவது அந்த நூறு மீட்டர் கதையைக் கேட்டால், பந்தி ஆறிப்போகும் என்று சாப்பிடக் கிளம்பிவிடுகிறேன். ஐம்பது வயதில் நான் பழகிக்கொண்ட ஒரே நல்ல பழக்கம் அது. உனக்கு என்று இருந்த அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டவன் நான் என்பதைத்தான் சுமந்துகொண்டு பஸ் ஏறி இறங்குகிறேன்.

போன வாரம் உன் மகள், குடோனில் அன்று தன் போனில் பிடித்திருந்த வீடியோவை எனக்கு அனுப்பினாள். வாசல் வெளிச்சத்தில் எல்லாரும் கருப்பு உருவங்கள். முழுசாக இரண்டு எட்டு முன்னால் நீ. பின்னால் நான், வாயைப் பிளந்துகொண்டு, மூட்டையில் மோதுகிற வரைக்கும் கையை வீசிக்கொண்டு. கால் எங்கேயும் தளரவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொடக்கத்தில், உன் மனைவி கையில் அந்த இரண்டு பலகைகளும் இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை. நான் கிளம்பிவிட்டிருக்கிறேன்.