மாதா படத்தில் தொங்கிய பெயர்

அனுப்புநர்
ரக்கேலே தொந்தீனி,
இலக்கிய மாணவி,
காஸ்தெல் ரோவெரா கிராமம், இத்தாலி.

பெறுநர்
கல்லறைப் பதிவு அதிகாரி அவர்கள்,
அமெரிக்கப் படை அலுவலகம், ஃபிளாரன்ஸ்.

பொருள்: எக்ஸ்-47 எண்ணிட்ட கல்லறையில் உரியவரின் பெயரைப் பொறிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆம், பெயர் பொறித்த அடையாளத் தகடுகளை அக்கல்லறையில் உறங்கும் வீரரின் கழுத்திலிருந்து கழற்றியவர்கள் நாங்கள்தான். திருடவில்லை. மறைக்கவும் இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவை எங்கள் கோயிலில், மாதா படத்தின் கீழ், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கின.

2. 1944 அக்டோபர். பின்வாங்கிய ஜெர்மானியர் மலைப்பாதையில் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றனர். ஆலை நிலவறையில் முப்பத்தொரு பேர் அடைபட்டிருந்தோம். ஆறு நாள். தங்கள் படைவீரர் லைல் ஹேகார்ட், குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியால் மண்ணைக் குத்திப் பார்த்தபடி ஊர்ந்து வந்தார். வழியின் இருபுறமும் குச்சி நட்டார். அவற்றின் நடுவே ஒவ்வொருவராக நடந்தோம். முப்பத்தொரு பேரும் பிழைத்தோம்.

3. ஆடு மட்டும் நிலவறையில் நின்றுவிட்டது. அதன் சொந்தக்காரி, விதவை எர்சீலியா, பாதை முடிவில் உட்கார்ந்து அழுதார். "கைக்குழந்த மூணு இருக்கு. பாலுக்கு நான் எங்க போவேன்?" ஹேகார்ட்டுக்கு எங்கள் மொழி தெரியாது. குழந்தைகளைப் பார்த்தார். சிரித்தார். திரும்பிப் போனார். வரும் வழியில் ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது. ஒரு காலடிதான் குச்சிகளுக்கு வெளியே. கண்ணி வெடித்தது. ஆடு காது கிழிந்து வந்து சேர்ந்தது. குழந்தைகள் மூவரும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினர்.

4. உடலைக் கழுவி, எர்சீலியாவின் கணவருடைய கறுப்புக் கல்யாணக் கோட்டை அணிவித்தோம். உயிர் பிழைத்தால் மாதாவுக்கு வெள்ளி இதயம் சாத்துவது எங்கள் வழக்கம். வெள்ளி யாரிடமும் இல்லை. எர்சீலியா தகடுகளைக் கொண்டுபோய் மாட்டினார். பங்குத்தந்தை தடுத்தார்.
"அது அவன் கழுத்துல கிடக்க வேண்டியதும்மா."
"மண்ணுக்குள்ள அத யாரு சாமி படிப்பா? இங்க கிடந்தா மாதா தினம் பாப்பா."
வெறுங்கழுத்தாக அனுப்பக் கூடாதென்று பங்குத்தந்தை தம் ஜெபமாலையை ஹேகார்ட்டுக்கு அணிவித்தார்.

5. மறுநாள் தங்கள் வீரர்கள் வந்து அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தனர். சிலுவையைத் தேடுகிறார்கள் என்று நினைத்தோம். ஜெபமாலையைக் காட்டினோம், பெருமையாக. படித்தவள் நான் பக்கத்திலேயே நின்றேன். தகடுகளைத்தான் தேடுகிறார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. உடலை எடுத்துச் சென்றனர்.

6. கடந்த கல்லறைத் திருநாளன்று பூக்களோடு தங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். அவர் பெயர் எங்குமில்லை. பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார். எக்ஸ்-47, பெயர் தெரியாதவர், காஸ்தெல் ரோவெரா, கறுப்புக் கோட்டு, ஜெபமாலை. லைல் ஹேகார்ட் காணாமற்போனோர் பட்டியலில் இருந்தார். தகட்டில் அவர் தாயின் பெயரும் ஐயோவா முகவரியும் உள்ளன. அந்த அம்மா இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

7. சாத்திய காணிக்கையைத் திரும்ப எடுப்பது எங்கள் ஊரில் கேள்விப்படாதது. ஞாயிறு பூசைக்குப் பின் ஆலைக்காரர் கத்தினார். "மாதாகிட்ட குடுத்தத யாராவது பிடுங்குவாங்களா?" எர்சீலியா முக்காலியில் ஏறினார். "மகனத் தொலைச்சுட்டுத் தேடின வலி மாதாவுக்குத் தெரியும்யா. நீ முக்காலியப் பிடி." ஆலைக்காரர் பிடித்தார்.

ஆகவே, அக்கல்லறைச் சிலுவையில் லைல் ஹேகார்ட் என்ற பெயரைப் பொறிக்கவும், தாயாருக்குத் தகவல் அனுப்பவும் பணிவுடன் வேண்டுகிறேன். அவருக்கு எழுதும் கடிதத்தில் இடமிருந்தால் முப்பத்தொரு பேர் என்ற எண்ணையும் எழுதுங்கள்.

நன்றியுடன்,
ரக்கேலே தொந்தீனி

இடம்: காஸ்தெல் ரோவெரா
நாள்: 12 நவம்பர் 1946

பின்குறிப்பு: தகடுகளைத் தபாலில் விட மனம் வரவில்லை. எர்சீலியாவும் நானும் பால் வண்டியில் ஏறி வந்துவிட்டோம். தங்கள் அலுவலக வாசலில் நிற்கிறோம்.