உமது தடியில் நான் கட்டிய நூல்

ஐசே,

உம்மைத் தகனத்துக்குக் கொடுத்துவிட்டு எஸ்-பான் ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறேன். எதிர் இருக்கையில் ஒரு பெட்டை மடியில் பையை வைத்து, அதன்மேல் கையை விரித்து, நகத்துக்கு நிறமில்லாத பூச்சுப் பூசுகிறாள். ரயில் குலுங்கும்போதெல்லாம் தூரிகையை உயர்த்திக்கொண்டு காத்திருக்கிறாள். மணம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். நான் போகவில்லை. எனக்கு அது எங்கள் அகதி விடுதியின், ஹைமின், அறை மணம். ஒரு தூண்டில் தடி காயவேண்டும் என்று அதைக் கட்டிலில் கிடத்திவிட்டு நீர் நிலத்தில் படுத்த நாட்களின் மணம்.

இன்று எல்லோரும் உம்மைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நானும் இரண்டு வார்த்தை பேசினேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு உம்மில் பொறாமை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பொறாமை. செத்த மனிதரில் பொறாமைப்படுவது அழகில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இன்று மத்தியானம் உமது மகள் கேட்ட ஒரு கேள்வியால் அது பழைய சூட்டோடு மேலே வந்துவிட்டது.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரிக்காலம். பிராங்பேர்ட்டுக்குக் கிழக்கே, மைன் ஆற்றங்கரையில் ஒரு பழைய விடுதியை அகதிகள் ஹைமாக மாற்றியிருந்தார்கள். ஓர் அறையில் நாங்கள் நாலு தமிழர். வேலை செய்யக் கூடாது என்று தாளில் முத்திரை குத்தியிருந்தது. மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. சமைப்பது, சீட்டு விளையாடுவது, தபால்காரனின் மஞ்சள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு ஜன்னலடியில் நிற்பது. அவ்வளவுதான் சீவியம்.

நீர் வந்து சேர்ந்த அன்று வழக்கமான விசாரணை நடந்தது. யாழ்ப்பாணத்தான் சந்திரனுக்குப் போனாலும் இதைக் கேட்காமல் விடமாட்டான். "ஊரிலை எவடம்?" "அதிலை எந்தப் பக்கம்?" "ஆற்றை மகன்?" மூன்றாவது கேள்விக்குள் சாதி வெளியே வந்துவிடும். நீர் தயங்காமல் சொன்னீர். கோண்டாவில், தகப்பன் தலைமை வாத்தியார், செம்மண் தோட்டம், சொந்தக் கிணறு. பிறகு என்னைப் பார்த்து, "நீர் எவடம்?" என்றீர். மற்ற இருவருக்கும் ஏற்கெனவே சொல்லியிருந்த பொய்யை உமக்கும் சொன்னேன். யாழ்ப்பாணம் ரவுண், நகரத்துக்குள்ளேயே வீடு, தகப்பனுக்குப் புடைவைக் கடையில் வேலை.

உண்மையில் நான் மயிலிட்டி. அப்பா கடலுக்குப் போனவர், அவருடைய அப்பாவும் போனவர். அந்த அறையில் ஒரே குசினி, ஒரே சட்டி. என் சாதி தெரிந்தால் அங்கே ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் "மீன் வெடுக்கு" என்று என் வாங்கில் பக்கத்தில் இருந்து மூக்கைப் பொத்தியவர்களை எனக்கு மறக்கவில்லை. இவ்வளவு தூரம் ஓடிவந்தும் அதைக் கேட்க நான் தயாராக இல்லை.

ஆற்றங்கரையில் தினமும் மீன் பிடிக்க வரும் ஹெர் வேபர் என்ற ஜேர்மன்காரரோடு நீர்தான் பழக்கம் பிடித்தீர். தன் தடிகளைத் தானே செய்கிற மனிதர். தூண்டில் நூல் ஓடும் வளையமெல்லாம் கழன்ற பழைய ஃபைபர் தடி ஒன்றை அவர் எறியப் போக, நீர் கேட்டு வாங்கி அறைக்குக் கொண்டுவந்தீர். தக்கைப் பிடியைத் தேய்த்துத் தேய்த்து உமது கைக்கு அளவாக்கினீர். எங்கள் சோற்றிலும் தக்கைத் தூள். கடை நிறையத் தடி இருக்க, மனிதர் ஏன் மினக்கெட்டுத் தாங்களே செய்கிறார்கள் என்று அறையில் பெரிய வாதம் நடந்தது. ஒருவர் கஞ்சத்தனம் என்றார். மற்றவர் விசர் என்றார். கடைத்தடி ஒருவருடைய கைக்கும் அளவில்லை என்று ஹெர் வேபர் சொன்னதை நீர் எங்களுக்கு மொழிபெயர்த்தீர். பிறகு உமது காரணத்தையும் சொன்னீர்.

"வேலை செய்யப்படாது எண்டு குத்தி விட்டிருக்கினம். இதுக்கு ஒருத்தரும் சம்பளம் தரப்போறதில்லை. அப்ப இது வேலை இல்லை. என்னை ஆர் மறிக்கிறது?"

மற்ற இருவரும் கைதட்டினார்கள். மேல்கட்டிலில் படுத்திருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. வயிற்றுக்காக மீன் பிடிக்கிறவன் தடியைத் தடவிக்கொண்டிருக்க மாட்டான் என்று மனதுக்குள் சொன்னேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்துவது அடுத்த நாள் அடுப்பு எரியவேண்டும் என்பதற்காக. மீன் படாவிட்டாலும் சோறு கிடைக்கும் என்ற வீட்டில் பிறந்தவருக்குத்தான் இந்த ஆசையெல்லாம் வரும். நான் விட்டு ஓடிவந்ததை நீர் பொழுதுபோக்காக எடுத்துக் கையில் வைத்திருந்தீர். பொறாமை அன்றைக்குத் தொடங்கியது.

அதைவிடப் பெரிய வேதனை, நீர் அதைச் செய்த விதம். தடியின் மேல் வளையத்தை வைத்து, அதன் காலைச் சேர்த்து நூலால் நெருக்கமாகச் சுற்றவேண்டும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி இருக்கக் கூடாது. நீர் சுற்றியது கோழி கிளறியதுபோல இருந்தது. கடைசியில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டு, அதன்மேல் பசையை அப்பினீர். இரண்டு இழுவையில் வளையம் ஆடியது. கயிற்று நுனி பிரியாமல் கட்டும் கட்டை நான் எட்டு வயதில் பழகியவன். முடிச்சே வேண்டாம். கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் ஒரு கண்ணி வைத்து, நுனியை அதற்குள் விட்டு இழுத்தால் நூல் தனக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். இதைச் சொல்ல வாய் வரும். உடனே "எங்கை பழகினீர்?" என்று கேட்பீரே என்று பேசாமல் படுத்திருப்பேன்.

ஒரு நாள் காலை நீர் ரேர்மின், குறித்த நேரத்துக்கு நிற்கவேண்டும் என்று சோசியல் உதவிப்பண அலுவலகத்துக்குப் போய்விட்டீர். மற்ற இருவரும் குசினியில். நான் இறங்கி வந்து ஒரு வளையத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். ஒன்றே ஒன்றுதான். நீர் வந்து அதை விரலால் தடவிப் பார்த்தீர். "ஆர் கட்டினது?" என்றீர். "எனக்கென்ன தெரியும்" என்றேன். அடுத்த நாள் மற்ற எல்லா வளையங்களையும் நீரே அவிழ்த்து, நூலையும் தடியையும் மேசையில் வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று போய் ஒரு மணித்தியாலம் வரவில்லை. நான் ஒரு வளையம் கட்டினேன். அடுத்த நாளும் உமக்குத் தாகம் எடுத்தது. இப்படியே ஒன்பது வளையமும் கட்டி முடிந்தது. நூலின்மேல் பூசுவதற்கு வார்னிஷ் வாங்க வழியில்லாமல் நகப்பூச்சு வாங்கிவந்தீர். மனைவிக்கா என்று கேட்ட கடைக்காரியிடம் மீனுக்கு என்று சொன்னதாக வந்து சிரித்தீர். அந்த மணம் போகப் பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து நடுங்கினோம்.

மீன் பிடிக்கவும் சோதனை எழுதவேண்டிய நாடு இது. அதையும் நீர் பாஸ் பண்ணினீர். ஜேர்மன் மொழியில் எனக்குப் பாண், பால், பொலிஸ் தெரிந்த காலத்தில் உமக்கு விலாங்கின் செவுள் வரை தெரிந்திருந்தது.

வசந்தம் வந்து, ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் ஆற்றுக்குப் போனோம். நீர் தடியை என்னிடம் நீட்டினீர்.

"முதல் எறி நீர் எறியும்."

"எனக்கு உதெல்லாம் தெரியாது."

"கட்டினவர்தான் முதல் எறிய வேணும், ஐசே."

தெரிந்துவிட்டது என்ற பயத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "என்னைப் பாத்தா மீன்காரன் மாதிரியே கிடக்கு?"

அது பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் குறித்து எனக்குச் சொல்லப்பட்ட சொல். அதே இளக்காரத்தோடு என் வாயில் வந்தது. அப்போது அப்பா உயிரோடு இருந்தார். கடலில் இறங்கத் தடை என்று இலங்கை ஆமி சொல்லி, வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு வீட்டில் இருந்தார். நீர் கோபிக்கவில்லை. தடியை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான், "ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றேன்.

"எதை?" என்றீர். சொல்லமாட்டீர் என்று எனக்கு விளங்கியது. பிறகு திரும்பி நின்று நீரே எறிந்தீர். கேவலமான எறி. ஈயம் பத்தடி தள்ளி விழுந்தது.

அந்தக் கோடையில் ஆற்றங்கரை மீன்பிடிச் சங்கத்தின் விழா நடந்தது. ஹெர் வேபர் உமது தடியை ஆள் ஆளாகக் கொண்டுபோய்க் காட்டினார். இவ்வளவு நேர்த்தியான நூற்கட்டைத் தான் கண்டதில்லை என்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து, இதை எங்கே பழகினீர்கள் என்று உம்மிடம் கேட்டார். நீர் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தீர். நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன். எங்கள் ஊரில் மீனவர் இப்படித்தான் கட்டுவார்கள் என்று நீர் பதில் சொன்னீர். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பத்திரிகையில் உமது படம் வந்தது. கீழே, தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த சிலோன் மீனவர் என்று எழுதியிருந்தார்கள்.

அறையில் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன காணும், சாதி மாறிப் போட்டீரோ?"

"ஓம், இனி எனக்கு ஊரிலை ஒருத்தரும் பொம்பிளை தரமாட்டினம்!" என்று நீரும் சிரித்தீர். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். சிரித்துக்கொண்டே உம்மை அடிக்கவேண்டும் போல இருந்தது. என் கை கட்டிய கட்டு, என் பாட்டன் போன கடல், உமது படம். உமக்கு அது விழாவில் போட்ட வேசம். எனக்கு அது தகப்பன் பெயர், அதை நான் வாயால் சொல்ல ஏலாது.

கடையில் வாங்கிய தடியைப் பார்த்து யார் செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. தானே செய்த தடியைக் கண்டால் முதல் கேள்வியே அதுதான். அந்தக் கேள்வி வேண்டும் என்றுதான் மனிதர் இவ்வளவு மினக்கெடுகிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். கேள்வி வந்த நாளில் நான் சப்பாத்து நூல் கட்டினேன்.

பிறகு இருவருக்கும் வதிவிடத் தாள் கிடைத்தது, வேலை கிடைத்தது. நான் எங்கள் மயிலிட்டிக் கரையிலேயே பெண் எடுத்தேன். அவளும் நானும் சேர்ந்தே மறைத்தோம். பிள்ளைகளுக்கும் அப்பப்பாவுக்குப் புடைவைக் கடையில் வேலை என்றே சொன்னோம். உமது வீட்டு ஹோலில் அந்தப் பத்திரிகைத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தீர். வரும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டும் கதிரையில்தான் நான் இருப்பேன். நீர் இதையும் கவனித்திருப்பீர்.

இன்று மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது உமது மனைவி பக்கத்தில் வந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ அண்ணை, இவருக்கு முதல் கலியாணம் பேசின இடம் பாரிசிலை. உந்தப் பேப்பரை ஆரோ அவைக்கு அனுப்பிப் போட்டினம். நான் அந்தச் சாதி ஆக்கள் இல்லை எண்டு இவர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணும். சொல்லேல்லை. அது குழம்பினதாலை எனக்கு நல்லதாப் போச்சு, அது வேறை. எங்கடை ஐயாவுக்கு இவற்றை தகப்பன் வாத்தியாரைத் தெரியும். பிள்ளைக்காவது உண்மையைச் சொல்லுங்கோ எண்டு நானும் எத்தினை தரம் சொல்லியிருப்பன். விடும் எண்டிடுவார்."

கோப்பியைக் கீழே வைத்தேன். அந்த ஒரு சொல்லை நீர் சொல்லியிருந்தால், அப்போ நூலைக் கட்டியது யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்காகவா சும்மா இருந்தீர்? அல்லது பத்திரிகைப் பெருமையை விட மனமில்லையா? எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்கவேண்டும் என்று மனது ஆசைப்பட்டது. அப்படியென்றால் உம்மைத் திட்டலாம்.

அப்போதுதான் உமது மகள் வந்தாள். அழுது வீங்கிய கண். "மாமா, அப்பா கடலைப் பற்றி ஒண்டுமே சொல்லமாட்டார். நீங்களாவது சொல்லுங்கோ. எங்கடை ஆக்கள் என்ன மீன் பிடிச்சவை? பள்ளிக்கூடத்திலை நான் எல்லாருக்கும் முன்னாலை நிண்டு சொன்னனான், நாங்கள் மீனவர் குடும்பம் எண்டு."

என் பிள்ளைகள் சொல்லவேண்டியது. என் பிள்ளைகள் ஒரு நாளும் சொல்லாதது. வயிறு எரிந்தது, ஐசே. உமது படத்துக்கு மாலை போட்டிருந்த மண்டபத்தில் நின்று எனக்கு வயிறு எரிந்தது.

"அது உன்ரை அப்பான்ரை கடல் இல்லை, பிள்ளை" என்றேன். "என்ரை அப்பான்ரை. நான்தான் மயிலிட்டி. உந்தத் தடியிலை நூல் கட்டினதும் நான்தான்."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் என்னைப் பார்த்தார். "அப்ப நாங்கள்?" என்றாள். நீங்கள் வாத்தியார் குடும்பம், தோட்டம் துரவு உள்ள ஆட்கள் என்றேன். உமது மகளின் முகம் விழுந்துவிட்டது. நான் ஊரில் எதற்கு ஏங்கினேனோ அது அவளுக்கு ஒரு சதத்துக்கும் பெறுமதியில்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அடுத்த கணம் அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சற்று முன் இந்த ரயிலில் இருந்தே மகனுக்குப் போன் எடுத்தேன். அவனுக்கு முப்பத்தொரு வயது. அப்பப்பா கடையில் வேலை செய்யவில்லை, கடலுக்குப் போனவர் என்றேன்.

"எந்தக் கடல், அப்பா?"

சொன்னேன். பெயரை இரண்டு தரம் திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது, அவன் வாய்க்கு அது வரவில்லை. பிறகு, "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இந்தக் கேள்வியை உமது மகள் உம்மிடம் கேட்டிருந்தால், ஆற்றங்கரையில் ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்தேன் என்று நிமிர்ந்து சொல்லியிருப்பீர். எனக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் உம்மில் எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.