அம்மா கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும்

ஹாம்பர்க்
12 ஜூன் 1993

அன்புள்ள பிராகோ அக்காவுக்கு,

தம்பி அமோவா எழுதிக்கொள்வது. செப்டம்பர் பதினொன்றாம் தேதி கல்யாணத்துக்கு ஃபிரேமா வீட்டார் சம்மதித்தார்கள் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவன் பாட்டுப் பாடுகிறான் என்று எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

என்னால் வர முடியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். இங்கே தங்க அனுமதி கேட்டுப் போட்ட என் வழக்கு நவம்பரில். அதற்கு முன்னால் எல்லையைத் தாண்டினால் திரும்ப நுழைய முடியாது, நாலு வருஷம் பட்டதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி என்று வக்கீல் அடித்துச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நாற்காலியில் என் போட்டோவை வைப்பீர்கள், வையுங்கள். கீழே விழாமல் மட்டும் பார்த்துக்கொள். முதல் நாளே மாப்பிள்ளை குப்புற விழுந்தான் என்று பேர் வந்துவிடும்.

ஆனால் வீடியோ நன்றாக இருக்க வேண்டும், அக்கா. அந்தக் கேசட்தான் எனக்குக் கல்யாணம். விடிகாலையில் அமான்குவா மாமா முற்றத்தில் செத்துப்போன முன்னோர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஜின் ஊற்றுவதிலிருந்து ஆரம்பிக்கச் சொல். நம் பெண்கள் தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் போவது வேண்டும். ஃபிரேமாவிடம் சம்மதமா என்று மூன்று முறை கேட்பார்களே, அதை ஒரு சொல் விடாமல் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். எனக்கு என்று பேச வேண்டும். நாலு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் வழக்காவது கிழக்காவது, அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன். அது வேறு கதை. அவளைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி,
அமோவா

---

குமாசி, பந்தாமா, கானா
3 ஜூலை 1993

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். கேமராவுக்கு டெட்டே என்பவரைப் பிடித்திருக்கிறேன். அக்ராக்காரர், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம். முற்றத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க நேற்றே வந்துவிட்டார். வந்த கையோடு அம்மாவை வைத்து ஒரு ஒத்திகை பார்த்தார்.

உன் அம்மாவைக் கேமரா முன்னால் உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மீன் கடையில் உட்கார்ந்து விற்றுவிட்டு வந்த அதே துணியோடு உட்கார்ந்துகொண்டு, "அந்த இரும்புப் பெட்டிகிட்ட நான் என்னத்தப் பேச? எம் புள்ள அதுக்குள்ளயா இருக்கான்?" என்கிறாள். டெட்டே, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். "முன்னால ரெண்டு பல்லுதான் இருக்கு. அதையும் ஜெர்மனிக்கு அனுப்பணுமா?" என்றாள். பிறகு என்ன தோன்றியதோ, பெட்டிக்குக் கிட்டே போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பேசினாள். "டேய் அமோவா, சாப்பிட்டியா? எளச்சுப் போயிருந்தேன்னு வையி, தோல உரிச்சுடுவேன். அந்தப் பொண்ண அழ வைக்காத. அவ்ளோதான். நிறுத்துய்யா."

இது சும்மா ஒத்திகைதான். கல்யாணத்தன்று நல்ல உடுப்பு உடுத்தி ஒழுங்காகப் பேச வைக்கிறேன் என்று டெட்டே சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாக நீ எனக்குத் தனியாக ஒரு வரி எழுதவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். எல்லாம் அம்மா, ஃபிரேமா, வீடியோ. நானும் இருக்கிறேன், ஐயா.

உன் அக்கா,
பிராகோ

---

ஹாம்பர்க்
26 ஜூலை 1993

அன்பு அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தனி வரி இதோ: நீ இல்லையென்றால் நான் இல்லை. போதுமா?

அம்மாவின் பல் கதையைப் படித்துவிட்டு என் அறைத் தோழன் ஒடுரோ தரையில் உருண்டான். அவள் ஆட வேண்டும், அக்கா. பேசினால் மட்டும் போதாது. நீலத்துணி ஒன்று இங்கிருந்து வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதை உடுத்திக்கொண்டு ஆடச் சொல்.

கீழே எழுதியிருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டு. அம்மா, நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இளைக்கவில்லை, தொப்பைகூட வந்திருக்கிறது. நவம்பரில் காகிதம் கிடைத்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கு உன் எதிரில் உட்கார்ந்து கடலை ரசமும் ஃபூஃபூக் களியும் சாப்பிடுவேன். உன் கையால்தான் வேண்டும், அக்கா கையால் வேண்டாம்.

அமோவா

---

குமாசி
21 ஆகஸ்ட் 1993

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். நீலத்துணியும் வந்தது.

அம்மாவுக்குக் காலில் வலி, கொஞ்சம் காய்ச்சலும். தந்தி ஆபீசு வரைக்கும் நடக்க முடியாது, அதனால் போனில் கூப்பிட நேரம் குறிக்காதே. கல்யாணத் தேதியில் மாற்றம் இல்லை. ஃபிரேமா நலம். மாமா நலம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வேலை அதிகம்.

நீ வழக்கைக் கவனி. வேறு எதையும் நினைக்காதே.

பிராகோ

---

குமாசி
19 செப்டம்பர் 1993

அன்புத் தம்பிக்கு,

உன் கல்யாணம் நடந்து முடிந்தது. கேசட்டை ஒடுரோவின் சித்தப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டபடியே எல்லாம் எடுத்தாயிற்று. மாமா முற்றத்தில் நின்றார். இருபத்திரண்டு தட்டுகள் தெருவில் போயின. நாம் கொடுத்த பாட்டிலைக் காட்டி ஃபிரேமாவிடம் அவள் அப்பா, "இந்தப் பாட்டில வாங்கிக்கவா? குடிச்சப்புறம் என்னால திருப்பித் தர முடியாது" என்று மூன்று முறையும் கேட்டார். மூன்று முறையும் அவள், "வாங்கிக்கங்கப்பா" என்றாள். போட்டோ விழவில்லை.

அம்மாவால் வெளியே வர முடியவில்லை. உள்ளே வைத்து எடுத்ததை டெட்டே தகுந்த இடத்தில் சேர்த்திருக்கிறார். ஆடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. குறை சொல்லாமல் பார்.

பிராகோ

---

ஹாம்பர்க்
10 அக்டோபர் 1993

அக்கா, என் தங்கமே,

கேசட் வந்து நாலு நாள் ஆகிறது. வேலைக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதன் முன்னால்தான் கிடக்கிறேன். அம்மா மூக்கை நீட்டிக்கொண்டு "சாப்பிட்டியா" என்று கேட்கிற இடத்தைத் தேயத் தேயப் பார்த்ததில் படம் அந்த இடத்தில் கோடு விழ ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும், "சாப்பிட்டேன்மா" என்று பதில் சொல்கிறேன். ஒடுரோ எனக்குப் பைத்தியம் என்கிறான்.

சில்லறைக் குறைகள் உண்டு, சொல்லாவிட்டால் நான் உன் தம்பி இல்லை. அம்மா ஏன் நீலத்துணி உடுத்தாமல், ஒத்திகையில் சொன்னதையே திரும்பச் சொல்கிறாள்? ஏன் ஒருவர்கூட ஆடவில்லை? நம் தெருவில் தகர டப்பா உருண்டாலே ஆடுவார்களே. ஃபிரேமாவின் கண் வீங்கியிருக்கிறது, பயமா? அப்புறம் அந்த டெட்டேவைக் கையில் கிடைத்தால் உதைப்பேன். தெருநாய் குரைப்பது முதற்கொண்டு எல்லாச் சத்தமும் கேட்கிறது, மாமா ஜின் ஊற்றி வேண்டுகிற இடத்தில் மட்டும் பாட்டை அலற விட்டிருக்கிறான். மாமாவின் வாய் அசைகிறது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பாட்டில்லாத நகல் இருந்தால் அனுப்பச் சொல்.

அம்மா காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

அமோவா

---

ஹாம்பர்க்
24 அக்டோபர் 1993

அக்கா,

நேற்று ஒடுரோ டிவியைப் பார்த்துக்கொண்டே சும்மா கேட்டான்: "உங்க வீட்ல எத்தன பேர்டா கூப்பிடுவீங்க? உங்க மாமா நாலு தடவ ஊத்துறாரே."

மூன்று. நம் வீட்டில் எப்போதும் மூன்று பெயர்தான். பெரிய தாத்தா, அச்சியா பாட்டி, போன்சு மாமா. மற்றவர்களுக்கு இந்த மூன்று பேர் சொல்லிக்கொள்வார்கள் என்று மாமா அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்றமாட்டார். ஜின் விற்கிற விலைக்கு எல்லாச் செத்தவர்களுக்கும் ஊற்ற முடியாது என்று அவரே கேலி செய்வார். படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். நாலு தடவை கிளாஸ் சாய்கிறது. நாலாவது தடவை உதடு இரண்டு முறை அசைந்து நிற்கிறது. மாமா முகத்தைத் துடைக்கிறார்.

திவா. அம்மாவின் பெயரும் இரண்டு எழுத்துதான்.

நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று எழுது. அம்மாவை ஒரு வரி எழுதச் சொல். எழுதத் தெரியாது என்றால் கட்டை விரலை மையில் தோய்த்து வைக்கச் சொல்.

அமோவா

---

குமாசி
14 நவம்பர் 1993

என் தம்பிக்கு,

நீ சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி காலை மீன் கடையில் விழுந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. அதில் அவளுக்கு எழுதியிருந்ததை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

மாமாவிடம் உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்தேன். அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன் என்று எழுதியிருந்தாய். ஏறியிருப்பாய், எனக்குத் தெரியும். ஏறியிருந்தால் நாலு வருஷமும் போயிருக்கும். கல்யாணத்தைத் தள்ளினால் ஏன் என்று கேட்பாய். அதனால் காகிதம் வரும்வரை மறைப்பது என்று நான்தான் முடிவு செய்தேன். மாமாவைக் குற்றம் சொல்லாதே. அம்மா ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருக்கிறாள். ஒருவரும் வாய்விட்டு அழக்கூடாது என்று தெருவுக்கே சொல்லி வைத்தோம்.

ஃபிரேமாவின் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பொணம் காத்துக் கெடக்கிற வீட்டுக்கு எம் பொண்ண எப்படி அனுப்புவேன்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ஃபிரேமாதான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவாரும்மா, வேணாம்மா" என்று அழுதாள்.

கல்யாணத்தன்று ஒரு நாள் மட்டும் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், கேமரா ஓடுகிறது என்று மாமாவைக் கெஞ்சினேன். தலையாட்டினார். கிளாஸ் கையில் வந்ததும் கூப்பிட்டுவிட்டார். பிறகு அவரிடம் சண்டைக்குப் போனேன். "உசுரோட இருக்கிறவன ஏமாத்தலாம் பிராகோ. செத்தவங்கள ஏமாத்த என்னால ஆகாது. அவ மகன் கல்யாணம். வாசல்ல வந்து நிக்கிறா. மத்த மூணு பேரையும் கூப்பிட்டுட்டு அவள மட்டும் வெளிய நிறுத்தச் சொல்றியா?" என்றார். டெட்டேயிடம் பாட்டுப் போடச் சொன்னது நான்.

நீ பார்த்தது அந்த ஒத்திகையில் எடுத்தது.

அவளை உன் கை படாமல் புதைக்கமாட்டோம். ஜனவரி பதினைந்து என்று வைத்திருக்கிறோம். உன் வழக்கு அதற்குள் முடியும். போஸ்டர் அச்சடிக்க வேண்டும், பிள்ளைகள் வரிசையில் உன் பெயரை முதலில் போடுகிறேன். வா, தம்பி. வந்து என்னை அடி. ஆனால் வா.

பிராகோ

---

ஹாம்பர்க்
5 டிசம்பர் 1993

பிராகோவுக்கு,

வழக்கு ஜெயித்தது. காகிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. நீ எதற்காக மறைத்தாயோ அது கிடைத்துவிட்டது, சந்தோஷப்படு. இப்போது நான் எந்த நாட்டுக்கும் போகலாம், வரலாம்.

நான் வரவில்லை.

பதினேழு நாள் அந்தக் கேசட்டைப் பார்த்துச் சிரித்தேன். செத்துப்போன அம்மாவைப் பார்த்து, சாப்பிட்டேன்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவில் தட்டுத் தூக்கியவளுக்குத் தெரியும், கேமரா பிடித்தவனுக்குத் தெரியும், பாட்டிலை வாங்கிக்கொள்ளச் சொன்னவளுக்குத் தெரியும். என் கல்யாணத்தில் நான் ஒருவன்தான் வெளியாள். காகிதம் வேண்டுமா, அம்மாவின் முகம் வேண்டுமா என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்ன சொல்வேன் என்று தெரிந்ததால்தான் நீ கேட்கவில்லை.

என் கைக்காக அவளை இனியும் அந்தக் குளிரில் போட்டு வைக்காதே. புதைத்துவிடு. போஸ்டரில் என் பெயர் வேண்டாம். பாட்டில்களை ஃபிரேமா வீட்டிலிருந்து மாமா திரும்ப வாங்கிக்கொள்ளட்டும், அவள் வேறு வழி பார்க்கட்டும். எனக்கு இனி எழுதாதே.

அமோவா

---

குமாசி
23 ஜனவரி 1994

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை அம்மாவை அடக்கம் செய்தோம். உன் நீலத்துணியை உடுத்தித்தான் கிடத்தினேன். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகையைத் தெருவே சேர்ந்து அழுதது. எனக்குத்தான் வரவில்லை. டெட்டே கூப்பிடாமலே கேமராவோடு வந்து வாசலில் நின்றார். எடுக்க வேண்டாம் என்றேன். கேமராப் பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அவரும் அம்மாவைச் சுமக்க வந்தார்.

பாட்டில்களைக் கேட்டு மாமா போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை. ஃபிரேமா தலையை மழித்துக்கொண்டு மருமகளாக மூன்று நாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். உன் கடிதத்தைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எழுதினால் பதில் வருவதில்லை, உன் முகவரி மாறிவிட்டதா என்று என்னிடம் கேட்டாள். மாறியிருக்கலாம் என்றேன்.

போஸ்டரில் உன் பெயரைப் போட்டேன். நீ வேண்டாம் என்றாலும் அவள் பெற்றது இரண்டு பேரை. சுவரில் அதைப் படித்தவர்களெல்லாம் வந்து கேட்டார்கள்: மகன் எங்கே, ஒரே மகன், ஏன் வரவில்லை? வருவதற்குத்தான் துடித்தான், காகிதம் இன்னும் கிடைக்கவில்லை, பாவம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். உனக்காகப் பொய் சொல்ல எனக்குப் பழகிவிட்டது.

உன் அக்கா,
பிராகோ